எரிமீனுக்கு இராக்காவல்

இரவு முழுக்க விழித்திருப்பது தமிழர்களுக்குப் புதிதல்ல. சிவராத்திரிக்கு விழிக்கிறார்கள். வைகுண்ட ஏகாதசிக்குப் பரமபதம் உருட்டியோ, வரிசையாக மூன்று சினிமா பார்த்தோ சமாளிக்கிறார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் கிரிக்கெட் நடந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் வானத்தைப் பார்ப்பதற்காக மட்டும் ஒருவர் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனால், வீட்டில் உள்ளவர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். புண்ணியமும் இல்லை, ஸ்கோரும் இல்லை. பனியில் படுத்துச் சளி பிடித்ததுதான் மிச்சம் என்ற பேச்சு மறுநாள் காலைக் காப்பியோடு வரும்.

அந்தப் பேச்சைப் பொறுத்துக்கொள்ளத் தகுந்த இரவு ஆண்டுக்கு ஒன்று உண்டு. மார்கழி பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்னால், டிசம்பர் 13-ம் தேதி படுக்கப் போகாமல் 14-ம் தேதி விடியும் வரை நீளும் இரவு. மிதுன ராசியிலிருந்து எரிமீன்கள் பொழிவது போலத் தெரியும் அந்த நிகழ்ச்சிக்கு வானியலார் 'ஜெமினிட்ஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 12, 13-ல் வரும் 'பெர்சீட்ஸ்' தான் உலகப் புகழ் பெற்றது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது கோடை விடுமுறைக் காலம். சட்டை போடாமல் புல்வெளியில் படுத்துப் பார்க்கலாம். நமக்கு அதனால் பிரயோஜனமில்லை. ஆகஸ்டில் தென்மேற்குப் பருவ மேகம் மேற்குத் தொடர்ச்சி மலை மேல் தார்ப்பாய் விரித்தது போலக் கிடக்கும். நமக்கென்று வாய்த்தது டிசம்பர்தான்.

எங்கிருந்து பார்ப்பது? சென்னைக்காரர்களுக்கு டிசம்பர் நடுவில் வடகிழக்குப் பருவமழையின் வால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும். மேகம் விலகினாலும் விளக்குகள் விடாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. நகரத்தின் பல பகுதிகளில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு சென்னை வானம் இருட்டியது. அதுவும் சரியாக எரிமீன் வாரத்தில். ஆனால் 14-ம் தேதி பௌர்ணமி! வேறெதற்கும் இல்லாவிட்டாலும் இதற்காகவாவது சென்னைவாசிகள் சந்திரனைக் கோபித்துக்கொள்ளலாம்.

கோவைக்காரர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஆனைகட்டிச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் அட்டப்பாடி. பாலக்காடு மாவட்டத்தின் இந்த மலைப்பள்ளத்தாக்கில் அகளி, புதூர், சோலையூர் என்று மூன்று பஞ்சாயத்துகள். அலுவலகங்கள், ஆஸ்பத்திரி, கடைவீதி எல்லாம் அகளியை ஒட்டியே. கேரளம்தான் என்றாலும் கடைவீதியில் தமிழ் பேசிக் காரியம் முடித்துக்கொள்ளலாம். தலைமுறைகளுக்கு முன் கோவைப் பக்கமிருந்து நிலம் தேடி வந்த கொங்குக் குடும்பங்கள், தெற்கே திருவிதாங்கூரிலிருந்து வந்த குடியேற்றக்காரர்கள், இவர்கள் எல்லோருக்கும் முன்னால் இருந்த இருளர், முடுகர், குறும்பர் என்று கலந்து கிடக்கிற ஊர். (அகளி என்றால் அகழி அல்ல. ஆனால் யானை வராமல் வெட்டிய அகழிகள் சுற்று வட்டாரத்தில் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.)

எரிமீன் பார்க்க அகளியின் அனுகூலம் அதன் மழைக்கணக்கில் இருக்கிறது. அட்டப்பாடியின் மேற்கு ஓரம் சைலன்ட் வேலியை ஒட்டியது. அங்கே மழைக்குப் பஞ்சமில்லை. கிழக்கே ஆனைகட்டியை நோக்கி வர வர மழை குறைந்து, கள்ளியும் முள்ளும் முளைத்த தமிழ்நாட்டு மண் போலவே ஆகிவிடும். நடுவில் பவானி. கேரளத்தில் பிறந்தோ, கேரளத்தின் வழியாகவோ கிழக்கு நோக்கி ஓடுகிற மூன்றே ஆறுகளில் அது ஒன்று. டிசம்பரில் இந்தக் கிழக்குப் பக்கத்தில் வானம் பெரும்பாலும் துடைத்து வைத்தது போல இருக்கும். கோவையின் விளக்கு வெளிச்சம் கிழக்கு, தென்கிழக்கு அடிவானத்தில் மங்கலான மஞ்சள் கறையாகத் தெரியும். நல்லவேளையாக எரிமீன்கள் கிளம்பும் இடம் அந்தப் பக்கமில்லை. அது வடகிழக்கே, நீலகிரி மலைகளுக்கு மேல்.

பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். ஆங்கிலத்தில் 'காஸ்டர்', 'பாலக்ஸ்' என்று சொல்லும் இரட்டை விண்மீன்கள்தான் நம் புனர்பூசம். அதில் காஸ்டருக்குப் பக்கத்திலிருந்து எரிமீன்கள் நாலாபுறமும் சிதறுவது போலத் தோன்றும். அகளியில் அது இரவு எட்டு மணிவாக்கில் அடிவானத்தைத் தாண்டுகிறது; மலை மறைப்பதால் கண்ணுக்குத் தெரிய இன்னும் கொஞ்சம் நேரமாகும். அதிகாலை இரண்டரை மணிக்கு ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிடும். பின்னிரவில்தான் அதிகம் விழும் என்று சொல்வது இதனால்தான். ஒன்பது மணிக்கு எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு 'ஒன்றையும் காணோமே' என்று கதவைச் சாத்துபவர்களுக்கு வானம் பொறுப்பாகாது.

விழுவது நட்சத்திரமல்ல என்பது பள்ளிக்கூடப் பாடம். பெரும்பாலும் மணல் பருமனுள்ள துகள்கள். பூமி தன் பாதையில் போகும்போது, வேறொன்று விட்டுச் சென்ற தூசிப் பாதையைக் குறுக்கே கடக்கிறது. துகள்கள் நொடிக்கு ஏறக்குறைய 35 கி.மீ. வேகத்தில் காற்றில் மோதுகின்றன. தரைக்கு மேல் சுமார் 100 கி.மீ. உயரத்தில் சூடேறி ஆவியாகின்றன; அந்த ஒளிக்கோடுதான் நாம் பார்ப்பது. 35 கி.மீ. என்றால் எவ்வளவு? அகளிக்கும் கோவைக்கும் நேர்கோட்டுத் தூரம் அவ்வளவுதான். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிற பயணத்தை அந்தத் துகள் ஒரு நொடியில் முடித்துவிடும். அப்படியும் ஜெமினிட்ஸ் எரிமீன்களில் நிதானமானது. நவம்பரில் வரும் 'லியோனிட்ஸ்' நொடிக்கு 71 கி.மீ. வேகத்தில் வருகிறது, அதைப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டக் கையை நீட்டுவதற்குள் காணாமல் போய்விடும்.

தூசியை விட்டுச் சென்றது யார் என்பதில்தான் ஜெமினிட்ஸ் மற்றவற்றிலிருந்து மாறுபடுகிறது. எரிமீன் பொழிவுகளுக்குப் பெரும்பாலும் ஒரு வால்நட்சத்திரம்தான் தாய். பெர்சீட்ஸுக்கு ஸ்விஃப்ட்-டட்டில், லியோனிட்ஸுக்கு டெம்பெல்-டட்டில். ஜெமினிட்ஸ் பொழிவை 1862 முதல் கவனித்து வந்தும் நூறு வருஷத்துக்கு மேல் அதன் தாயைக் காணவில்லை. 1983 அக்டோபரில் 'ஐராஸ்' செயற்கைக்கோள் எடுத்த படங்களில் வேகமாக நகரும் ஒரு சிறு பொருள் அகப்பட்டது. அதன் பாதையும் ஜெமினிட்ஸ் பாதையும் ஒன்றே என்று அமெரிக்க வானியலாளர் பிரெட் விப்பிள் சுட்டிக்காட்டினார். அதற்கு ஃபேத்தான் என்று பெயரிட்டார்கள். ஐந்தாறு கி.மீ. குறுக்களவு. சூரியனைச் சுற்ற ஒன்றரை வருஷத்துக்கும் குறைவு. சூரியனை நெருங்கும்போது புதன் கிரகத்தைவிடப் பக்கத்தில் போய் வறுபட்டுத் திரும்புகிறது.

சிக்கல் என்னவென்றால், பார்த்தால் அது வால்நட்சத்திரம் போல் இல்லை. சிறுகோள், அதாவது பாறை. பனிக்கட்டி உருகித் தூசியைக் கக்கினால் புரிந்துகொள்ளலாம். பாறை எப்படி இவ்வளவு தூசியைக் கொட்டும்? சூரியனருகே அதற்கு ஒரு சின்ன வால் தெரிந்தபோது விடை கிடைத்தது என்று நினைத்தார்கள். 2023-ல் வந்த ஆய்வு அதையும் கவிழ்த்தது. அந்த வால் தூசியல்ல, சோடியம் ஆவி. எப்போதோ ஒரு காலத்தில் அந்தப் பாறைக்கு ஏதோ பெரிய விபத்து நேர்ந்திருக்க வேண்டும், அதில் சிதறியதுதான் இன்று நம் தலைக்கு மேல் விழுகிறது என்ற கருத்து இப்போது பலமாக இருக்கிறது. நேரில் போய்ப் பார்க்க ஜப்பான் ஒரு விண்கலத்தைத் தயார் செய்கிறது.

எரிமீனுக்கு அர்த்தம் தேடுவது நம்மிடமும் பழைய பழக்கம்தான். நட்சத்திரம் விழுவதைப் பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார் என்று பாட்டிமார் சொல்வதுண்டு. அதற்கும் வெகுகாலம் முன்பு, கூடலூர் கிழார் என்ற புலவர் ஒருவர் ஒரு நள்ளிரவில் எரிமீன் விழக் கண்டு புறநானூற்றில் பதிவு செய்திருக்கிறார். 229-ம் பாட்டு. அதை இரங்கற்பாவாகத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். ஆனால் வானியல் குறிப்பேடாகப் படித்தாலும் ஆச்சரியம் காத்திருக்கிறது. பங்குனி மாதம், முதல் பாதி, நடு இரவு என்று காலத்தைச் சொல்கிறார். எந்த நாள்மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எதிரே எழுந்தது, எது மேற்கே இறங்கியது என்று வானத்தின் நிலையைச் சொல்கிறார். விழுந்த மீன் கிழக்கேயும் போகவில்லை, வடக்கேயும் போகவில்லை என்று திசையைச் சொல்கிறார். இன்று எரிமீன் பார்ப்பவர்கள் நோட்டுப் புத்தகத்தில் குறிக்கும் விவரங்களில் எது விட்டுப்போயிற்று? ஒளி எவ்வளவு என்பதா? அதற்கும் உவமை இருக்கிறது.

அந்த மீன் விழுந்ததைக் கண்டு, மன்னன் நோயின்றி இருக்க வேண்டுமே என்று பார்த்தவர்கள் கலங்கினார்கள். ஏழாம் நாள் மன்னன் இறந்தான். அவன் பெயர் கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. சேரன். அந்த ஏழாம் நாளின் அபசகுனங்களில் முதலாவது, யானை தன் துதிக்கையை நிலத்தில் கிடத்தித் தூங்கியது. மன்னன் சாவுக்கு எரிமீன் காரணமல்ல என்று இன்று சொல்லிவிடலாம். ஆனால் ராசி பலனைத் தொலைக்காட்சியில் கேட்டுக்கொள்ளும் நமக்கு, ராசி வானத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியாது. கூடலூர் கிழாருக்குத் தெரிந்திருந்தது.

நவீனத் தமிழர்கள் திரளாக எரிமீனுக்கு விழித்த இரவு என்றால் அது 1998 நவம்பர் 17. லியோனிட்ஸ் 33 ஆண்டுக்கு ஒரு முறை புயலாக வரும், ஆசியாவுக்குத்தான் அந்த முறை அதிர்ஷ்டம் என்று பத்திரிகைகளும் தொலைக்காட்சியும் சொல்லிக்கொண்டிருந்தன. ஹப்பிள் தொலைநோக்கியையே முகம் திருப்பி வைத்தார்கள். 1833-ல் அமெரிக்காவில் பனி கொட்டுவது போல் கொட்டியதாம். உலகம் முடிந்துவிட்டது என்று ஜனங்கள் மண்டியிட்டார்களாம். அப்படியொன்றை எதிர்பார்த்து மாடிக்குப் போனவர்கள் ஏமாந்தார்கள். பெரிய தீப்பந்துகளாக விழுந்த கூட்டம், கணித்த நேரத்துக்குச் சுமார் 16 மணி நேரம் முன்பே வந்துவிட்டது. முந்தின நாள் விடியற்காலையில் பால் கறக்கவும் தண்ணீர் பாய்ச்சவும் எழுந்தவர்களுக்குத்தான் அந்த யோகம் அடித்தது. மறு வருஷம் டேவிட் ஆஷர், ராபர்ட் மெக்நாட் என்ற இருவர் புதிய முறையில் கணக்குப் போட்டு நிமிஷக் கணக்கில் சரியாகச் சொன்னார்கள். 1999 நவம்பர் 18-ல் புயல் வந்தது. இந்திய நேரம் காலை ஏழரை மணி. சூரியன் வந்து ஒரு மணி நேரமாகியிருந்தது!

ஜெமினிட்ஸ் இப்படி ஏய்ப்பதில்லை. வருஷம் தவறாமல் வருகிறது. ஆனால் 'மணிக்கு 150' என்று பத்திரிகைகளில் போடுவதை அப்படியே நம்பக்கூடாது. துளி வெளிச்சமில்லாத வானம், எரிமீன் கிளம்பும் புள்ளி நேர் தலைக்கு மேல், உச்சக்கட்ட நேரம், மறைக்க ஒரு மரமும் இல்லை: இத்தனையும் கூடினால் வரும் கணக்கு அது. நல்ல இருட்டில் பின்னிரவில் படுத்திருப்பவருக்கு நிமிஷத்துக்கு ஒன்று கிடைத்தால் அது பெரிய இரவு. நகரத்து மாடியில் அரை மணிக்கு நாலைந்து. பத்து நிமிஷம் ஒன்றுமே விழாது. பிறகு மூன்று சேர்ந்தாற்போல் விழும். அப்போது பார்த்து ஒருவர் ஃபிளாஸ்க்கைத் தேடிக் குனிந்திருப்பார்.

இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். தொலைநோக்கி கெடுதல், வானத்தில் ஒரு மூலையைத்தான் காட்டும். ஒரு கோரைப்பாய், கம்பளி, தலைக்குக் கட்ட ஒரு துண்டு. இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிஷமாகும். பழகிய கண்ணை ஒரே ஒரு முறை செல்போனைப் பார்த்துக் கெடுத்துக்கொள்ளலாம். மறுபடி இருபது நிமிஷம். டார்ச் லைட்டில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்வது வழக்கம். புனர்பூசத்தையே முறைத்துப் பார்க்கவும் தேவையில்லை. நீளமான கோடுகள் அதிலிருந்து தள்ளித்தான் விழும்.

இனி யானை விஷயம். கோவையிலிருந்து காரில் வந்து அகளிக்கு வெளியே ஏதோ ஒரு காலி வயலில் பாய் விரித்துப் படுக்கலாம் என்று யாராவது திட்டமிட்டால், அந்தத் திட்டத்தை அங்கேயே கைவிடுவது நல்லது. அட்டப்பாடியில் காட்டு யானை தாக்கி மனிதர் இறப்பது எப்போதோ நடக்கும் செய்தியல்ல. வானம் பார்க்க வசதியான அதே இருட்டில்தான் யானை காட்டைவிட்டு இறங்குகிறது. மழை முடிந்து ராகியும் சோளமும் முற்றுகிற காலம், வாழை எப்போதும் உண்டு. அகழி, மின்வேலி எல்லாம் இருக்கிறது. யானைக்கும் அவற்றைப் பற்றி ஓரளவு தெரிந்திருக்கிறது. தங்கும் இடத்தின் மொட்டை மாடிதான் பாதுகாப்பு. வனத்துறை எல்லைக்குள் ராத்திரியில் நுழைவது சட்டப்படியும் தவறு.

அட்டப்பாடியில் ஆண்டு முழுக்க வானத்தின் கீழ் விழித்திருப்பவர்கள் வேறு ஆட்கள். மலைச்சரிவில் விதைத்த சாமைக்கும் ராகிக்கும் பரண் கட்டிக் காவல் இருக்கும் ஆதிவாசிகள். வாழைத்தோட்டத்தில் தகரம் தட்டிக்கொண்டு இருக்கும் சிறு விவசாயிகள். கீழே தீ, கையில் ஒரு கட்டுப் பட்டாசு. சிறுதானியத்தை மீண்டும் விளைவிக்க 2017-ல் கேரள அரசு அட்டப்பாடியில் ஒரு திட்டம் தொடங்கியது. விதை கொடுத்தார்கள், நல்ல காரியம். விளைந்ததைக் காக்கும் இரவுகளை மட்டும் எந்தத் திட்டமும் எடுத்துக்கொள்ளவில்லை. எரிமீன் பொழிவின் தேதி பரணில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை. விழுவது அவர் கண்ணில் படும். ஆனால் காது சரிவில் ஒடியும் கிளையில் இருக்கும்.

இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் வானத்தை நோக்கி விழித்திருக்கும் இரவு ஒன்றும் உண்டு. சிவராத்திரியன்று ஆதிவாசி ஆண்கள் விரதமிருந்து மல்லீஸ்வரன் முடிக்கு ஏறி விளக்கேற்றுகிறார்கள். 1,600 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அந்த முடி அட்டப்பாடியில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். உச்சியில் ஒளி தெரிவதற்காகக் கீழே செம்மண்ணூரிலும் ஊர்களிலும் மக்கள் காத்திருக்கிறார்கள். ஒரு சின்ன விளக்கு அத்தனை தூரத்துக்குத் தெரிகிறதென்றால், அதற்கு இருட்டு வேண்டும்.

அந்த இருட்டு எத்தனை நாளைக்கு? 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் அனுப்பிய குறிப்புகளைத் தொகுத்துப் பார்த்ததில், இரவு வானம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 சதவீதம் வெளுத்துக்கொண்டு வருவதாகத் தெரிந்தது. எட்டு வருஷத்துக்குள் இரு மடங்கு. எல்.இ.டி. விளக்கு மலிந்ததும் காரணம். லடாக்கின் ஹான்லேயில் 2022-ல் இருள் வானக் காப்பகம் அறிவித்தார்கள். 2024-ல் மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகம் இருள் வானப் பூங்கா அங்கீகாரம் பெற்றது. தெற்கேயும் வேண்டும் என்று வானம் பார்ப்பவர்கள் கேட்கிறார்கள்.

ஆனால் அகளிப் பக்கத்து ஊர் ஒன்றில் போய் இருட்டைக் காப்போம் என்று சொன்னால் என்ன பதில் வரும்? அவர்கள் பஞ்சாயத்தில் தெருவிளக்கு கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள். கழிப்பறைக்குப் போகிற வழியில் யானை நிற்கிறதா என்று தெரிய விளக்கு வேண்டும். எரிமீனுக்காக அவர்களை இருட்டில் இருக்கச் சொல்ல வருஷத்தில் ஒரு நாள் வருகிறவருக்கு உரிமை கிடையாது. அவர்கள் கேட்கும் விளக்கால் வானம் கெடுவதும் இல்லை. தலையில் மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்கு மட்டும் அனுப்பும் விளக்கு, ஊருக்குப் பத்து போட்டாலும் போதும். யானையும் தெரியும், புனர்பூசமும் தெரியும். வானத்தைக் கெடுப்பது ரிசார்ட் மதில்மேல் மரங்களை நோக்கித் திருப்பி வைத்த பச்சை, நீல விளக்குகளும், ஆளில்லாத விளம்பரப் பலகைக்கு விடிய விடிய எரியும் விளக்குகளும். அவற்றுக்கு யாரும் மனுக் கொடுக்கவில்லை.

நிலாவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2023-ல் அமாவாசையை ஒட்டி வந்தது, அமோகம். 2024-ல் பௌர்ணமியை ஒட்டி வந்து வீணானது. 2026-ல் டிசம்பர் 9 அமாவாசை. 13-ம் தேதி வளர்பிறை நிலா பத்து மணிவாக்கில் மறைந்துவிடும், மறுநாள் இன்னும் சற்றுத் தாமதமாக. உச்சம் இரண்டு இரவுகளுக்கும் இடையில் விழுவதால் எந்த இரவில் மேகம் விலகுகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். 2027-ல் சரியாக டிசம்பர் 13 பௌர்ணமி. அந்த வருஷம் போர்த்திக்கொண்டு தூங்கலாம்.